டெல்மர் திருவிருந்து எடுக்காத ஞாயிறு

டெல்மர் ரைஷும் நானும் பதினாறு வருஷம் ஒரு கண்ணாடிச் சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். அந்தப் பக்கம் அவன், மைக்குக்கு முன்னால். இந்தப் பக்கம் நான், தொலைபேசிகளோடு. நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் இருக்கிற எங்கள் ஹோல்ட்ஸ்பர்க்கில், காலை ஆறிலிருந்து ஒன்பது வரை டெல்மரின் குரல் கேட்காத சமையலறை கிடையாது. மாட்டு விலை, பீன்ஸ் விலை, யார் இறந்தார்கள், எந்தச் சர்ச்சில் விருந்து, அப்புறம் ஏழரை மணிக்கு நேயர்களின் அழைப்பு. அழைப்பவர்களில் பாதிப் பேர் அரசியல் பேசுவார்கள். டெல்மரும் பேசுவான்.

உன் அரசியல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதி லூத்தரன் சர்ச்சிலிருந்து, பாதி அப்பாவின் சர்க்கரைக் கிழங்கு வயலிலிருந்து என்பான். கருவில் இருக்கிற பிள்ளையைக் கடவுள் அறிவார். வரி என்பது உழைக்கிறவன் முதுகில் ஏறுவது. வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவனுக்கு வாய்க்கால் தண்ணீரின் அருமை தெரியாது. அவனுக்கு இந்த மூன்றும் ஒரே கயிற்றின் புரிகள்.

நான் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவள். என் அரசியலும் சர்ச்சிலிருந்து வந்ததுதான், ஆனால் அது கத்தோலிக்கச் சர்ச். கிழங்கு ஆலையில் வேலைநிறுத்தம் நடந்த குளிர்காலத்தில், அந்தச் சர்ச்சின் நிலவறையில்தான் என் அம்மா தொழிலாளிகளுக்கு சூப் ஊற்றினாள்.

"உங்கம்மா நல்லவங்க, ஜோலீன். ஓட்டு மட்டும் தப்பாப் போட்டுட்டாங்க," என்பான் டெல்மர்.

"உங்கப்பாவும் நல்லவர்தான். அவரும் அதே தப்பைத்தான் பண்ணாரு," என்பேன் நான்.

இப்படியே பதினாறு வருஷம் ஓடியது. சண்டை வந்ததில்லை.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். மனைவி இறந்த பிறகு டெல்மரின் சாப்பாட்டு மேசையில் எதிர் நாற்காலி இருந்த இடத்துக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. நாடு முழுக்கப் பார்க்கிற ஒரு நிகழ்ச்சி. அதை நடத்துகிறவன் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கோபப்படுவான். டெல்மர் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவான். சிரிக்க எனக்கு உரிமையில்லை. நான் விவாகரத்தானவள். என் வீட்டிலும் அதே நேரத்தில், வேறொரு சேனலில், வேறொருத்தி கோபப்பட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் மே மாதத்தில் எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கூரை ஒழுகுகிற உயர்நிலைப் பள்ளியை இடித்துப் புதிதாகக் கட்ட நிலவரியை ஏற்றலாமா, வேண்டாமா என்று கேள்வி. டெல்மர் வேண்டாம் என்று ஒரு மாதமாகப் பேசியிருந்தான். கட்டலாம் என்கிற பக்கம் இருபத்து மூன்று ஓட்டில் ஜெயித்தது.

மறுநாள் புதன்கிழமை, ஏழரை மணிக்கு முதல் அழைப்பு. கிழக்கு ரோட்டில் மாடு வளர்க்கிற கேலன்.

"டெல்மர், நேத்து சாயங்காலம் எட்டு மணிக்கு, இன்னும் வெளிச்சம் போகல, என் மச்சான் கோர்ட் கட்டடத்துக்குப் பின்னாடி நின்னிருக்கான். லுவான் டீட்ஸ் அஞ்சாறு வெள்ளைப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் அவ கார்ல வச்சிருக்கா. ஓட்டு எண்றதுக்கு முன்னாடி. அது என்ன பெட்டின்னு யாராவது கேளுங்கப்பா."

லுவான் எங்கள் கவுண்டியின் தேர்தல் அலுவலர். கோர்ட் கட்டடத்தில்தான் அவள் அலுவலகம். இருபத்திரண்டு வருஷமாக அந்த வேலையில் இருக்கிறாள். டெல்மரின் கட்சிதான், டெல்மரின் சர்ச்தான். பதின்மூன்று வயதில் இரண்டு பேரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து ஞானோபதேசம் மனப்பாடம் பண்ணினவர்கள்.

டெல்மர் மைக்குப் பக்கம் சாய்ந்தான். என் முன்னால் அழைப்பைத் துண்டிக்கிற பட்டன் இருந்தது. விரலும் அதன் மேல்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை. ஏன் என்று பிற்பாடு சொல்கிறேன்.

"இருபத்து மூணு ஓட்டு வித்தியாசம்," என்றான் டெல்மர் மைக்கில். "பெட்டி காருக்குள்ள போயிருக்கு. அது உண்மைன்னா, நண்பர்களே, செவ்வாய்க்கிழமை இந்தக் கவுண்டியில தேர்தலே நடக்கல."

ஒன்பது மணிக்குள் யாரோ அந்தப் பேச்சை வெட்டி எடுத்து செல்போனுக்குச் செல்போன் அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டினவர்கள் ‘அது உண்மைன்னா’ என்கிற இடத்தையும் வெட்டிவிட்டார்கள்.

பத்து மணிக்கு லுவான் நிலையத்துக்குப் போன் செய்தாள். குரல் உயரவில்லை.

"ஜோலீன், வித்தியாசம் கம்மிங்கிறதால திங்கட்கிழமை கையால மறுபடி எண்றோம். சட்டமே அப்படித்தான். யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம். பன்னெண்டு நாற்காலி போட்டு வைக்கிறேன். டெல்மர்கிட்ட சொல்லிடு."

ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். டெல்மர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் துணுக்கு எங்கெங்கேயோ போய்விட்டது. எங்கள் ஊரை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர்களெல்லாம் லுவானின் அலுவலகத்துக்குப் போன் செய்து அசிங்கமாகத் திட்டினார்கள். அவள் வீட்டு வாசலில் இருந்த தபால்பெட்டியை யாரோ மட்டையால் அடித்துக் கம்பத்தோடு சாய்த்துவிட்டார்கள். அதே வெள்ளிக்கிழமை டெல்மருக்கும் ஒரு போன். அவன் தினமும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறானோ அந்த நிகழ்ச்சியிலிருந்து. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நேரலையில் வர முடியுமா, சார்?

டெல்மருக்குச் சந்தோஷத்தில் முகம் சிவந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின பையன் மாதிரி வந்து என்னிடம் சொன்னான். நான் வாழ்த்துச் சொன்னேன். என் குரலில் இருந்த கசப்பை அவன் கவனித்திருப்பான்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வந்தவன் தொப்பியைக் கழற்றாமல் என் மேசைப் பக்கம் நின்றான்.

"நேத்து நான் திருவிருந்து எடுக்கல."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன. லுவான் மூணு வரிசை முன்னாடி உட்கார்ந்திருந்தா. நாப்பது வருஷமா அதே இடம். எழுந்து போய் பீடத்துகிட்ட முட்டி போட்டா. அவ பக்கத்துல ஒரு இடம் காலியா இருந்தது. நான்தான் அங்க போய் முட்டி போடணும். கால் எழும்பல."

பக்கத்திலிருப்பவனோடு மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் சர்ச்சில் கொடுக்கிற திருவிருந்து அப்பத்தில் கை வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறவனே டெல்மர்தான்.

"போதகர் எதாவது சொன்னாரா?"

"ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா எனக்குக் கோவம் வந்திருக்கும். கோவம் வந்திருந்தா சுலபமாப் போயிருக்கும்." தொப்பியைக் கழற்றிக் கையில் சுற்றினான். "நான் பொய் சொல்லல, ஜோலீன். உண்மைன்னான்னுதான் சொன்னேன்."

"ஆமா, சொன்னே."

"அஞ்சு நாளா அந்த ஒத்தை வார்த்தைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டிருக்கேன். அடுத்தவங்களைப் பத்திப் பொய் சொல்லாதேன்னு ஒரு கட்டளை இருக்கே, அதைப் பதிமூணு வயசுல நானும் அவளும் சேர்ந்து ஒப்பிச்சோம். அவதான் தப்பில்லாம ஒப்பிச்சா."

நிகழ்ச்சி முடிந்ததும் நானும் அவனும் கோர்ட் கட்டடத்துக்கு நடந்தோம். நான் செய்தி எடுக்க எப்படியும் போக வேண்டியிருந்தது.

பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள் இரண்டு வரிசையாகப் போட்டிருந்தன. அத்தனையும் காலி. அத்தனை நாள் கத்தினவர்களில் ஒருத்தர் வரவில்லை. கேலன் வரவில்லை. அவன் மச்சானும் வரவில்லை.

லுவான் ஒரு படிவத்தை டெல்மர் பக்கம் தள்ளினாள்.

"பேரு, முகவரி."

"லுவான், என்னை உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு நெனச்சிருந்தேன். எழுது."

எழுதினான்.

நான்கு பேர் எண்ணினார்கள், கட்சிக்கு இரண்டு பேர். பெட்டிகளின் முத்திரை எண்களை லுவான் உரக்க வாசித்தாள். தேர்தல் அன்று எழுதி வைத்த தாளோடு ஒவ்வொன்றையும் இரண்டு பேர் ஒப்பிட்டுச் சரி என்றார்கள். அப்புறம்தான் முத்திரையை வெட்டினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் சீட்டுகள். ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் பார்க்க, இரண்டு பேர் கோடு போட, இருபத்தைந்து இருபத்தைந்தாக அடுக்கினார்கள். மாடுகளைப் பற்றி அவ்வப்போது ஒரு பேச்சு. மற்றபடி தாள் புரளுகிற சத்தம்தான். டெல்மர் முதல் வரிசையில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஒரு தடவைகூட செல்போனை எடுக்கவில்லை.

மத்தியானம் சில்லி வந்தது, கறியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு. எங்கள் பக்கத்தில் சில்லி என்றால் கூடவே லவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல் உண்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து அப்படித்தான். லுவான் எண்ணுகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டெல்மர் முன்னாலும் ஒரு கிண்ணம் வைத்தாள். ரோல் இருந்த பெட்டியையும் திறந்து வைத்தாள். வெள்ளை அட்டைப்பெட்டி.

டெல்மர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"லுவான், செவ்வாய்க்கிழமை கார்ல வச்ச பெட்டி..."

"இதேதான். மீந்த ரோல். ஒவ்வொரு தேர்தல்லயும் வேலை பார்க்கிறவங்க சாப்பிட்டு மீந்ததை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவேன். இருபத்திரண்டு வருஷமா. நீ கேட்டிருந்தா புதன்கிழமையே சொல்லியிருப்பேன்."

டெல்மர் எழுந்து வெளியே போனான். முதியோர் இல்லம் இரண்டு தெரு தள்ளி. இருபது நிமிஷத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இந்தத் தடவை மேல சர்க்கரைப் பாகு கம்மியாம்."

எண்ணுகிற பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். லுவான் சிரிக்கவில்லை.

நான்கு மணிக்கு எண்ணி முடித்தார்கள். வித்தியாசம் இருபத்து மூன்று இல்லை, இருபத்து நான்கு. ஒருவர் வட்டத்தைக் கறுப்பாக்குவதற்குப் பதிலாகப் பக்கத்தில் டிக் அடித்திருந்தார். இயந்திரம் அதை விட்டுவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் வேண்டும் என்கிற ஓட்டு. லுவான் அந்தச் சீட்டை டெல்மர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"ஆட்சேபனை இருக்கா?"

தன் பக்கத்துக்கு எதிரான ஓட்டு. டெல்மர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தான். "இல்ல. அந்த ஆளு வேணும்னுதான் சொல்லியிருக்காரு."

செவ்வாய்க்கிழமை காலை, அழைப்பு நேரம் வந்ததும் டெல்மர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, யாரையும் இணைக்காதே என்று கையைக் காட்டினான். அப்புறம் மைக்கை இழுத்துக்கொண்டான். எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

"போன புதன்கிழமை இந்த நாற்காலியில உட்கார்ந்து நான் ஒரு காரியம் பண்ணேன். லுவான் டீட்ஸ் ஓட்டுப் பெட்டியைத் திருடிட்டாங்கிற மாதிரி பேசினேன். உண்மைன்னான்னு ஒரு வார்த்தை சேர்த்துக்கிட்டேன், எனக்கு வசதியா. அது உண்மையான்னு தெரிஞ்சுக்க ரெண்டு தெரு நடந்தாப் போதும். நான் நடக்கல. அஞ்சு நாள் நடக்கல. நேத்து போனேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு சீட்டையும் பார்த்தேன். நாம தோத்துட்டோம். இருபத்து நாலு ஓட்டுல, நேர்மையா. எனக்கு இந்த வரி இன்னும் பிடிக்கல. ஆனா அந்தப் பொம்பள மேல ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என் மேல. லுவான், உன் பேரை நான் இதே மைக்கில கெடுத்தேன். அதனால இதே மைக்கில கேக்குறேன், என்னை மன்னிச்சிரு."

நான் பதினாறு வருஷத்தில் அவன் அரசியலில் ஒரு எழுத்தைக்கூட ஒத்துக்கொண்டதில்லை. அன்றைக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இப்படி ஒருத்தனோடு வேலை பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்புறம் அழைப்புகளைத் திறந்தான். வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. விலை போயிட்டியா, டெல்மர். உன்னை யார் மிரட்டினா. ஒருத்தர் அவன் செத்துப்போன மனைவியை இழுத்தார். எல்லோருக்கும் ஒரே பதில்: "நாற்காலி பன்னெண்டு போட்டிருந்தாங்க. நான் உங்களைத் தேடினேன்." எட்டரைக்குள் டிராக்டர் வியாபாரி ஒருத்தர் விளம்பரத்தை நிறுத்தினார். நிலைய முதலாளி வந்து கதவோரம் நின்று, கேட்டுவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். வேலையை விட்டு நீக்கவில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் அந்தப் பெரிய நிகழ்ச்சி. வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். டெல்மர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான்.

"இன்னுமா போற?" என்றேன்.

"அவங்க ஜனங்ககிட்டயும் அந்தப் பொய் போயிருக்கு. என் வாயிலிருந்து போனது."

எங்கள் ஸ்டூடியோவிலிருந்தே இணைத்தார்கள். தன் ஊரின் மோசடியை அம்பலப்படுத்திய வீரர் என்று அறிமுகம். அவன் தினமும் எதிரில் உட்கார வைத்துச் சாப்பிட்ட அந்தக் குரல், அவன் பேரைச் சொல்லி வரவேற்றது.

"சார், மோசடி எதுவும் நடக்கல. நான் சொன்னது தப்பு. வாக்குச்சீட்டை நானே கண்ணால..."

இணைப்பு அறுந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லிவிட்டு விளம்பரத்துக்குப் போய்விட்டார்கள். நான் நேரம் பார்த்திருந்தேன். அறிமுகத்தைச் சேர்த்து நாற்பத்தோரு விநாடி.

டெல்மர் காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தான். கோபப்படவில்லை. நெருங்கின சொந்தக்காரன் ஒருத்தன் தன்னை முன்பின் தெரியாது என்று சொல்லிவிட்டது போல முகம் இருந்தது.

அப்போதுதான் நான் என் பங்கைச் சொன்னேன்.

"டெல்மர், புதன்கிழமை கேலன் பேசும்போதே நான் துண்டிச்சிருக்கலாம். லுவான் அப்படிச் செய்யமாட்டாள்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா உங்க ஆளுங்க எப்படிப்பட்டவங்கன்னு ஊரே கேக்கட்டும்னு விட்டுட்டேன். சாயங்காலம் டென்வர்ல இருக்கிற என் பொண்ணுக்குப் போன் பண்ணி, இவங்க எல்லாரும் இப்படித்தான்னு சிரிச்சேன்."

"தெரியும்," என்றான். "உன் விரல் பட்டன் மேல இருந்தது. கண்ணாடி வழியாப் பார்த்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேக்குற யோக்கியதை எனக்கு இருந்ததா?"

மறுநாள் என் மகளுக்கு மறுபடியும் போன் செய்தேன். நடந்ததை முழுசாகச் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. லுவானிடமும் நேரில் போய்ச் சொன்னேன். "உன் பட்டன் கதை எனக்குப் புதுசு," என்றாள். சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினாள்.

சனிக்கிழமை காலை டெல்மர் தன் வண்டியில் ஒரு கம்பம், சிமென்ட் மூட்டை, குழி தோண்டுகிற கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டு லுவான் வீட்டுக்குப் போனான். துணைக்கு என்னைக் கூப்பிட்டான். தனியாகப் போகப் பயம் என்று ஒத்துக்கொண்டான். லுவான் கதவைத் திறந்து, வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தபால்பெட்டியை நீயா உடைச்சே?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு நீ தோண்டுற?"

"உடைச்சவன் என் நிகழ்ச்சியைக் கேட்டவன்."

எங்கள் மண் கெட்டி. ஒரு மணி நேரம் தோண்டினான். அறுபத்து மூன்று வயசு. சட்டை நனைந்து ஒட்டிக்கொண்டது. லுவான் உதவவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. கம்பத்தை நிறுத்தி, சிமென்ட் ஊற்றி, புதுப் பெட்டியை மாட்டினான்.

"கோணலா இருக்கு," என்றாள்.

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம். நீ எப்பவும் சாயுற வலது பக்கம் இல்ல, இந்தத் தடவை இடது பக்கம்."

டெல்மர் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. படியிறங்கி வந்து கம்பத்தைத் தோளால் நெட்டி நிமிர்த்தினாள்.

"ரேடியோவில கேட்டேன், செவ்வாய்க்கிழமை," என்றாள். "கார்ல உட்கார்ந்து கேட்டேன். ஆபீஸ் பொண்ணுங்க யாரும் பார்த்துடக் கூடாதேன்னு." கையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள். "எனக்கு இன்னும் கோவம் இருக்கு, டெல்மர். அது போகக் கொஞ்ச நாளாகும். ஆனா நாளைக்கு நீ உன் இடத்துல உட்கார்ந்தே இருக்காதே. எழுந்து வா. எனக்காக நீ பட்டினி கிடக்கிறதை நான் பார்த்துட்டு இருக்க முடியாது."

மறுநாள் அவள் பக்கத்தில் முட்டி போட்டான் என்று திங்கட்கிழமை சொன்னான். அப்படியே பீன்ஸ் விலைக்குப் போய்விட்டான்.

இழந்த நேயர்களில் பாதிப் பேர் குளிர்காலத்துக்குள் திரும்பிவிட்டார்கள். டிராக்டர்க்காரர் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்; டெல்மர் வாரம் ஒரு தடவையாவது அந்த வரியைத் திட்டினான், ரசித்துத் திட்டினான். ஆனால் யாராவது அழைத்து, இப்படியாம், அப்படியாம் என்று ஆரம்பித்தால், "நீங்களே பார்த்தீங்களா? சரி, இடம் சொல்லுங்க, ஒன்பது மணிக்கு நான் போய்ப் பார்த்துட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்," என்பான். போகவும் செய்தான். ஒரு தடவை மழையில் இருபது மைல் ஒரு மதகைப் பார்க்கப் போனான்.

நவம்பரில் பொதுத் தேர்தல் வந்தது. என் கார் பழுதாகியிருந்ததால் டெல்மரின் வண்டியில்தான் ஓட்டுப் போடப் போனேன். வரிசை கோர்ட் வாசலைத் தாண்டி நின்றது.

"நீ ஒண்ணு போடப் போற, நான் ஒண்ணு போடப் போறேன்," என்றேன். "ரெண்டும் கழிஞ்சுடும். வீட்லயே இருந்திருந்தா பெட்ரோலாவது மிச்சம்."

"அப்போ நீ இங்கயே இரு. நான் மட்டும் போட்டுட்டு வரேன்."

"அவ்வளவு முட்டாள் இல்ல நான்."

கதவருகில் லுவான் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள். டெல்மர் முன்னால் போய் நின்றான்.

"பேரு, முகவரி," என்றாள்.

அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு நிறுத்தி நிதானமாகச் சொன்னான். அவள் விரலால் தேடிக் கண்டுபிடித்து, அவன் பேருக்கு நேராகக் கோடு போட்டு, சீட்டை நீட்டினாள்.